கிளோறியா அக்காவின் பின் அறை

இயேசு மரி சூசை

டோஸ்ட்ருப்
12.10.2025

அன்புள்ள கிளோறியா அக்காவுக்கு,

அன்றைக்கு ஆர் ஆர் நின்றது என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள், ஆனபடியால் அதையே முதலில் எழுதுகிறேன். வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் நின்றவர்கள்: நான், இவர், யோகம்மா, மாக்கிரட், மாக்கிரட்டின் புருசன், செபமாலைக் குழுவுக்குப் புதிதாக வந்த மரினா. இவ்வளவு பேருக்கும் நடுவில், செபமாலை மாதம் முழுக்க வீடு வீடாகப் போகிற எங்கள் மடு மாதா சுரூபம். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

வியாழன் என்றால் ஒளியின் தேவ இரகசியங்கள் அல்லவா. யோகம்மா, "இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றதைத் தியானிப்போம்" என்று சொல்லி வாய் மூடவில்லை, மாக்கிரட்டின் உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அவ துடைத்துவிட்டுச் செபத்தைத் தொடர்ந்தா. பிறகு இன்னொரு சொட்டு. நிமிர்ந்து பார்த்தால் சீலிங்கில் பெயின்ற் பலூன் மாதிரி வீங்கி நிற்கிறது. "செபத்தை விடாதேங்கோ, நான் பாத்திட்டு வாறன்" என்று இவர் எழும்பினார். கதவடிக்குப் போகவில்லை, பக்கத்துப் படுக்கை அறைச் சீலிங் பிரிந்து விழுந்துவிட்டது. மேல்வீட்டுப் பிள்ளை உடுப்புத் தோய்க்கிற மெசினைப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறது. குழாய் கழன்று அத்தனை தண்ணீரும் எங்கள் தலையில்.

"செல்வரட்ணம் அண்ணை, முதல் மாதாவை எடுங்கோ" என்றா யோகம்மா. இவர் மாதாவைக் குளிக்கிற துவாயால் சுற்றி, ஜெனுஷன் பிறந்த புதிதில் அவனைத் தூக்கியது போலத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனார். மாதா அன்றைக்கே யோகம்மா வீட்டுக்கு வருகிறா என்று மற்றவர்களுக்கும் தெரியவேண்டுமே, மரினா அதைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினா.

மெத்தை, அலுமாரி, கம்பளம், என் தையல் மெசின் எல்லாம் நனைந்துவிட்டன. சுவரும் நிலமும், வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுச் சங்கத்தின் பொறுப்பு. எங்கள் சாமான்களுக்கு நாங்கள் தனியாகக் காப்புறுதி கட்டுகிறோம். "எங்கடை பழைய கட்டிலை எந்தக் கள்ளன் தூக்கப் போறான்" என்று இவர் வருடா வருடம் பகிடி பண்ணுவார். நான் ஒரு தவணையும் விடாமல் கட்டி, கொப்பியில் எழுதி வந்தேன். இந்த முறை அந்தக் கொப்பியை அவரே தேடி எடுத்துத் தந்தார். வீடு இருக்க முடியாமல் போனால், திருத்தி முடியும்வரை வேறு இடத்தில் தங்குகிற செலவையும் அதே காப்புறுதி கொடுக்குமாம். டேனிஷில் கென்ஹூஸ்னிங் என்று சொல்கிறார்கள். சேதத்தை மதிக்க ஒரு ஆளைக் கம்பனி அனுப்பும்.

உங்கள் முழங்கால் எப்படி? பின்வளவுப் பேரிமரம் இந்த முறை காய்த்ததா? கோடையில் நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. உங்கள் காதுக்கருவி ரெலிபோனில் கீச்சிடாவிட்டால் இன்றைக்கே எடுத்துக் கேட்டிருப்பேன். இவருடைய நெஞ்சு, ஒப்பரேசனுக்குப் பிறகு பரவாயில்லை. எங்களை உங்கள் செபத்தில் நினையுங்கள்.

உங்கள் தங்கை
அருள்நாயகி

*

ஓல்போர்க்
18.10.2025

என் அருளுக்கு ஆண்டவரின் சமாதானம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மாதா துவாயோடு படியிறங்கிப் போனதை நினைக்கச் சிரிப்பும் வருகிறது, கும்பிடவும் வருகிறது.

கம்பனிக்காரன் தங்க இடம் தந்தால் என்ன, தராவிட்டால் என்ன. பின் அறை எப்போதும் உன்னுடையதுதானே. வயிற்றில் ஜெனுஷனோடு, கையில் ஒரேயொரு பையோடு நீ இந்த நாட்டில் வந்திறங்கிய அன்று உன்னிடம் ஒன்றுதான் கேட்டேன்: படுக்க உனக்குச் சுவர்ப் பக்கமா, யன்னல் பக்கமா. இன்றைக்கும் அதைத்தான் கேட்பேன். யோசியாமல் இரு.

நனைந்த மெத்தையில் படுத்துவிடாதே. செல்வரட்ணம் தம்பிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு. எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் முழங்காலாகத்தான் இருக்கிறது. கடிதத்தை வழக்கம்போல மகள் சுஜாந்தினியின் விலாசத்துக்கே போடு. எங்கள் பக்கத் தபால்காரன் ஒழுங்கில்லை.

அன்போடு
அக்கா

*

இயேசு மரி சூசை

டோஸ்ட்ருப்
27.10.2025

அன்புள்ள அக்கா,

தேவனுடைய கிருபையால் இருவரும் நடமாடுகிறோம். நீங்களும் மகளும் அப்படியே இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறேன்.

அக்கா, நான் ஒரு மடைத்தனம் செய்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்வது.

சேதம் மதிக்கிற ஆள் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. வீடு கிடந்த கிடையைப் பார்த்தேன். வெளியாள் ஒருவர் முதல் முறையாக வாசல் மிதிக்கிறார், இந்தக் கோலத்திலா காட்டுவது? யோகம்மாவும் மாக்கிரட்டும் வாளியும் துணியுமாய் வந்தார்கள். மெத்தை, கம்பளம், ஊறி வெடித்த அலுமாரி எல்லாவற்றையும் மாக்கிரட்டின் புருசன் வானில் ஏற்றிக் குப்பை சேர்க்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார். நாங்கள் மூவரும் சுவரை வினாகிரி போட்டுத் துடைத்தோம். சீலிங் ஓட்டைக்கு நேரே என் நல்ல வெள்ளைத் திரைச்சீலையைப் பிடித்துக் கட்டினோம். மணத்துக்குச் சாம்பிராணி. பிறகு நான் தேத்தண்ணியோடு கொடுக்கப் பற்றிஸ் சுட்டேன்.

வந்தவர் நெடிய பொடியன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அறை அறையாய்ப் பார்த்தார். "சேதம் எங்கே?" என்று கேட்டார். எல்லாம் கழுவித் துடைத்துவிட்டோம் என்று பெருமையாய்ச் சொன்னேன். "இதை எனக்காகவா செய்தீர்கள்?" என்றார். ஓம், உங்களுக்காகத்தான் என்றேன். அவர் இரண்டு பற்றிஸ் சாப்பிட்டார். பாவம், அவருக்கு அந்த நேரமே விளங்கியிருக்கும்.

இன்று கம்பனியின் பதில் வந்திருக்கிறது. ஜெனுஷன் ஓகூஸில் இருந்து போனில் வாசித்துச் சொன்னான். பழுதான சாமான்கள் கண்ணால் காணக் கிடைக்கவில்லை, படமும் இல்லை. வீடு சுத்தமாய், இருக்கக்கூடியதாய் இருக்கிறபடியால் தங்குமிடச் செலவும் இல்லை.

"அம்மா, ஒருத்தரும் ஒரு படம்கூட எடுக்கேல்லையா?" என்று கேட்டான்.

"சேதத்தை ஆரடா படம் எடுப்பினம்" என்றேன்.

இவர் கோபிக்கவில்லை. "இவ்வளவு வடிவாய்க் கழுவின வீடு இருக்க வேறை வீடு ஏன் எண்டு கேக்கிறான். ஞாயம்தானே" என்று சிரித்தார். சிரித்து முடிக்க முன் இருமல் வந்துவிட்டது. வெளியே சுத்தம் அக்கா, உள்ளே சுவர் ஈரம். சாம்பிராணி அடங்கினதும் அந்தப் பூஞ்சண மணம் வருகிறது. நெஞ்சு வெட்டித் தைத்த ஆள் இதற்குள் எப்படி இருப்பார்?

ஆகையால் பின் அறைக்கு வருகிறோம். பெரிய சாமான் ஒன்றும் கொண்டுவரமாட்டோம். எந்தத் திகதி உங்களுக்கு வசதி என்று எழுதுங்கள். பேரிமரம் காய்த்ததா என்றும் நீங்கள் சொல்லவில்லை.

உங்கள்
அருள்

*

இயேசு மரி சூசை

டோஸ்ட்ருப்
16.11.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் சுகத்தை அறிய ஆவல். மூன்று கிழமையாய்ப் பதில் இல்லை. தபால் பிந்துகிறதா, உங்களுக்கு ஏதும் சுகமில்லையா? சுஜாந்தினிக்குப் போன் எடுத்தேன், "அம்மா நல்லா இருக்கிறா சின்னம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாள்.

நாங்கள் இப்போது இருக்கை அறையில்தான் படுக்கிறோம். இவர் சோபாவில், நான் நிலத்தில். வீட்டுச் சங்கத்தின் ஆள் வந்து சுவரில் ஒரு கருவியை வைத்தார். அது அழுகிற பிள்ளை மாதிரிக் கத்தியது. "இதுக்குள்ளே தண்ணீர் நிற்கிறது" என்று எழுதித் தந்தார். அதை ஜெனுஷன் கம்பனிக்கு அனுப்பினான். திரும்பவும் பார்க்கிறோம், அதுவரை சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் அந்த வீட்டுக்காரரின் பெயரும் விலாசமும் தாருங்கள், அவர்களுக்கு ஒரு சிறு தொகை கொடுக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. உங்கள் பெயரையும், பேரிமரத்து வீட்டு விலாசத்தையும் கொடுத்திருக்கிறேன். சரிதானே?

இவர் ஒவ்வொரு நாளும் "அக்காவின்ரை கடிதம் வந்ததோ" என்று கேட்கிறார். ஒரு வரி போதும்.

அருள்

*

ஓல்போர்க்
22.11.2025

என் அருளுக்கு,

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. பிந்தி எழுதுவதற்குக் குறை நினையாதே. இந்தக் குளிருக்குப் பேனை எடுக்கவே மனம் வருவதில்லை.

பின் அறைக்கு இப்போது பெயின்ற் அடிக்கவேண்டியிருக்கிறது. அந்த மணம் போக நாள் எடுக்கும். தம்பியின் நெஞ்சுக்கு அது ஆகாது. நத்தார் முடியட்டும், பார்ப்போம். அதற்கிடையில் கம்பனிக்காரனை விடாதே. நீ வருடக் கணக்காய்க் கட்டின காசு, கேட்பதற்கு என்ன வெட்கம். ஹோட்டலில் விட்டாலும் போய் இரு.

விலாசத்தை ஏன் கொடுத்தாய்? கம்பனிக் கடிதங்கள் எனக்கு விளங்காது. அதை வெட்டிவிடச் சொல்லு.

வெளியே போகிறதே இல்லை. இரண்டு நாளாய் லிஃப்டும் பழுது. சுஜாந்தினி சாப்பாடு கொண்டுவந்து தருகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. நீ நிலத்தில் படுக்கிறாய் என்று எழுதியதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை இல்லை.

அக்கா

*

இயேசு மரி சூசை

டோஸ்ட்ருப்
30.11.2025

அன்புள்ள மகள் சுஜாந்தினிக்கு,

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு இன்று. பூசை முடிந்து வந்ததும் எழுதுகிறேன். நீயும் உன் பிள்ளைகளும் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன். போனில் உன்னைக் கேட்டால் ஓடிவிடுகிறாய் என்றபடியால் கடிதம். நிறுத்தி நிறுத்தி வாசி, என் எழுத்து பெரிதாய்த்தான் இருக்கிறது.

அம்மாவின் விலாசத்தைக் காப்புறுதிக்காக ஜெனுஷன் கொம்பியூட்டரில் பார்த்திருக்கிறான். "அம்மா, இந்த வீட்டிலை வேறை ஆக்கள் இருக்கினம். ஆவணியிலையே வந்திட்டினம் போல" என்றான். ஒரு டேனிஷ் குடும்பத்தின் பெயர் இருக்கிறதாம். பிழையாய்ப் பார்த்தாய் என்று அவனைப் பேசினேன். பிறகு அம்மாவின் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். லிஃப்ட் பழுது என்று எழுதியிருக்கிறா. நிலத்தோடு கிடக்கிற அந்த வரிசை வீட்டில் லிஃப்ட் எங்கே வந்தது, பிள்ளை?

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அவவையும் சொல்லமாட்டேன். எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். என் அக்கா இப்போது எங்கே படுக்கிறா? அதை மட்டும் எழுது. நான் கேட்டதாக அவவுக்குச் சொல்லாதே.

உன் சின்னம்மா
அருள்நாயகி

*

Aalborg
05.12.2025

அன்பான சின்னம்மா,

எப்பிடி சுகம்? சித்தப்பா எப்பிடி? என்ரை தமிழ் எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கோ. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிறகு இவ்வளவு நீளமாய் நான் எழுதினதே இல்லை.

அம்மா மே மாதம் குளியலறையிலை விழுந்திட்டா. இடுப்பு எலும்பு உடைஞ்சது. சித்தப்பாவுக்கு ஒப்பரேசன் நடந்த அதே கிழமை. "இப்ப அருளுக்குச் சொன்னால் அவள் புருசனை விட்டிட்டு ஓடி வருவாள், சொல்லாதை" எண்டா. ஜெனுஷனுக்கும் சொல்லவேண்டாம் எண்டா. பிறகு சித்தப்பா சுகமாகிட்டார், ஆனால் அப்ப சொல்லுறதுக்கு நேரம் பிந்திட்டுது மாதிரி இருந்தது. நான் வேலை செய்யிற ஆஸ்பத்திரியிலை எத்தினை பேரின்ரை வீட்டுக்காரருக்கு இப்பிடிப்பட்ட செய்தி சொல்லியிருக்கிறன். என்ரை சின்னம்மாவுக்குச் சொல்லத் தெரியேல்லை.

அந்த வீட்டிலை தனிய இருக்கேலாது எண்டு கொம்யூனிலை முதியோர் பராமரிப்பைப் பாக்கிற ஆக்கள் சொல்லிச்சினம். ஆவணி மாதம் வயதானவர்களின்ரை குடியிருப்புக்கு மாறினா. ரெண்டாம் மாடி. ஒரு அறை, ஒரு சின்னக் குசினி. நல்ல இடம்தான். ஆனால் ஒரு கட்டிலுக்குத்தான் இடம். என்ரை வீட்டுக்கு வாங்கோ எண்டால் படி ஏலாது எண்டுறா.

உங்கடை வீட்டிலை தண்ணி வந்த கடிதத்தை வாசிச்ச உடனை அம்மா பேனை எடுத்து, பின் அறைக்கு வா எண்டு எழுதிட்டா. நான் கேட்டன், அம்மா எந்தப் பின் அறை? அவ சொன்னா, "அவள் பிறந்த வீட்டை விட்டு வந்த நாளிலை இருந்து அவளுக்கு இந்த நாட்டிலை ஒரு அறை இருக்கு. அது இல்லையெண்டு என்ரை கையாலை எழுதச் சொல்லுறியா?" நீங்கள் வாறம் எண்டு எழுதினாப் பிறகு சாப்பிடவே இல்லை.

பின் அறைக் கட்டில் விரிப்பை மட்டும் இன்னும் வைச்சிருக்கிறா. நீலப் பூப் போட்டது. அலுமாரியிலை மடிச்சு இருக்கு. ஒருத்தரையும் பாவிக்க விடமாட்டா.

நீங்கள் கேட்டதை அம்மாவுக்குச் சொல்லமாட்டன். கடிதம் முடிக்கேக்கை எழுதுற Kærlig hilsen எண்டதுக்குத் தமிழிலை என்ன எண்டு தெரியேல்லை.

சுஜாந்தினி

*

இயேசு மரி சூசை

டோஸ்ட்ருப்
14.12.2025

அன்புள்ள அக்கா,

குழந்தை இயேசுவின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. ஒரு நல்ல செய்தி எழுதுகிறேன்.

போன கிழமை ஜெனுஷன் வந்து நின்றான். என் போனில் செபமாலைக் குழுவின் படங்களைத் தட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "அம்மா, படம் இல்லை எண்டெல்லோ சொன்னீங்கள். இது என்ன?" என்றான். பார்த்தால் மரினா எடுத்த படம். இவர் மாதாவைத் துவாயோடு தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"சேதத்தின்ரை படம் இல்லை எண்டுதான் சொன்னன். இது மாதாவின்ரை படமடா" என்றேன்.

"மாதாவுக்குப் பின்னாலை பாருங்கோ" என்றான்.

மாதாவுக்குப் பின்னால், திறந்து கிடந்த படுக்கை அறைக்குள் சீலிங் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றுகிறது. என் மெத்தை, அலுமாரி, தையல் மெசின், எல்லாம் வரிசையாய் நனைந்துகொண்டு நிற்கின்றன. அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்துக் கும்பிட்டிருப்பேன், பின்னால் இருந்ததை நான் காணவே இல்லை.

ஜெனுஷன் அதைக் கம்பனிக்கு அனுப்பினான், கண்டதும் அந்த நெடிய பொடியனே திரும்ப வந்தார். இந்த முறை நான் விளக்குமாற்றைத் தொடவில்லை. கை துறுதுறுத்தது, இவர் என் கையைப் பிடித்து இருத்தி வைத்தார். வந்தவர் சுவரை உடைத்துப் பார்த்தார், உள்ளே கறுப்பாய்ப் பூஞ்சணம். "நல்ல வேளை, இன்றைக்குக் கழுவவில்லை" என்றார். நிலம் பெயர்த்துச் சுவர் காய உயிர்த்த ஞாயிறும் தாண்டுமாம். அதுவரைக்கும் தங்குமிடம் கம்பனி தரும். சாமான்களுக்கும் தருவார்கள்.

பெரிய ரோட்டுப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் வீட்டைக் காட்டினார்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்த வீடு ஓல்போர்க்கில் இருக்கலாமா என்று. ஏன் என்று கேட்டார். அங்கே என் அக்கா இருக்கிறா என்றேன். வாடகையும் இங்கேயைவிடக் குறைவு, உங்கள் கணக்குக்கும் நல்லது என்றேன். மனிசன் சிரித்தார். இரண்டு நாளில் சம்மதம் வந்துவிட்டது. ஜனவரி பன்னிரண்டில் இருந்து.

அக்கா, பின் அறைக்கு வரவில்லை என்று குறை நினையாதேங்கோ. நீங்கள் எழுதியது சரி, பெயின்ற் மணம் இவருக்கு ஆகாது. இருமலோடும் குறட்டையோடும் ஆரையும் கஷ்டப்படுத்த அவருக்கும் விருப்பம் இல்லை. நீங்களும் இந்தக் குளிருக்குள் தனியே தின்று கிடக்கவேண்டாம். எங்களுக்குக் கிடைக்கிற வீட்டில் முன்னுக்கு ஒரு அறை, பின்னுக்கு ஒரு அறை. வந்து எங்களோடு இருங்கள். கூழ் காய்ச்ச எனக்கு இரண்டு பேர் போதாது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தங்கை
அருள்

*

ஓல்போர்க்
20.12.2025

என் அருளுக்கு,

உன் கடிதத்தில் பேரிமரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இத்தனை வருடத்தில் அதன் பெயரைச் சொல்லாமல் நீ எனக்கு ஒரு கடிதம் முடித்ததில்லை. அதை வாசித்ததும் உனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டும் பெயின்ற் மணத்தை எழுதினாய். என் தங்கை இவ்வளவு கெட்டிக்காரி என்று நான் நினைக்கவில்லை.

ஓம், விழுந்தேன். ஓம், வீட்டைக் கொடுத்துவிட்டேன். பெயின்ற் அடிக்க என்னிடம் சுவர் இல்லை. பொய் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்வதுதான் கஷ்டமாய் இருந்தது. உனக்கு ஒன்று நடந்தால் வந்து நிற்க ஒரு இடம் இருக்கிறது என்ற நினைவிலேயே நான் இவ்வளவு நாளும் மூத்தவளாய் இருந்தேன். அது போன பிறகு எப்படி மூத்தவளாய் இருப்பது என்று தெரியவில்லை.

நீ வருவது சந்தோஷம். ஆனால் நான் உன்னோடு வந்து இருப்பது சரி வராது. அது கம்பனி உங்கள் இரண்டு பேருக்கும் தந்த வீடு. மூன்றாவது ஆளைக் கண்டால் காசை நிறுத்திவிடுவார்கள். என்னோடு தள்ளுவண்டில் வேறு இருக்கிறது, அது இல்லாமல் நான் நடக்கமாட்டேன். நோயாளி ஒருவரைப் பார்ப்பது உனக்குப் போதாதா? இடைக்கிடை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ. அது போதும்.

நத்தார் நாளில் உங்கள் இருவருக்காகவும் ஒரு மெழுகுதிரி வைப்பேன்.

அக்கா

*

இயேசு மரி சூசை

டோஸ்ட்ருப்
27.12.2025

அன்புள்ள அக்கா,

பாலன் பிறந்த நாட்களின் ஆசீர் உங்களுக்கு. சந்திச் சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். புதுவருடத்தில் இருந்து கடிதம் கொண்டுவருவது வேறு ஆட்களாம். ஆகையால் சொல்லவேண்டியதை நேரே சொல்கிறேன்.

ஒளித்துக்கொண்டு செய்கிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கம்பனிக்குப் போன் எடுத்து, எனக்குத் தெரிந்த டேனிஷில் நானே கேட்டேன். என் அக்கா வந்து எங்களோடு தங்கினால் பிழையா என்று. அந்தப் பெண்பிள்ளை முதலில் விளங்காமல் நின்றாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் அங்கே இருக்கும்வரை அது உங்கள் வீடு. உங்கள் வீட்டில் ஆர் படுக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கமாட்டோம்." நான் போனை வைத்துவிட்டு அழுதேன். "வீடு தந்தவள் சிரிச்சிருப்பாள், வாங்கினவள் அழுகிறாள்" என்று இவர் பகிடி பண்ணினார். உங்கள் சாப்பாட்டுச் செலவு என் கொப்பியில் வரும், கம்பனிக் கணக்கில் ஒரு சதமும் வராது. அதற்கும் பயப்படவேண்டாம்.

ஜெனுஷன் நேற்று ஓகூஸில் இருந்து போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். நிலத்தோடு இருக்கிற வீடு. வாசலில் படி இல்லை. உங்கள் தள்ளுவண்டில் போகக் கதவு அகலம் காணும், கையால் விரித்து அளந்து எனக்குப் படம் அனுப்பினான். குளியலறையில் பிடிக்கக் கம்பி இருக்கிறது. முன் அறையில் இவர் குறட்டை விடட்டும். பின் அறையில் இரண்டு கட்டில் போட்டிருக்கிறது, ஒன்று எனக்கு.

நோயாளி என்று உங்களைச் சொல்லாதேங்கோ. ஒரு பையோடு வந்தவளை அன்றைக்கு நீங்கள் நோயாளியாய்ப் பார்க்கவில்லை. மூத்தவளாய் இருக்க ஒரு அறை வேண்டும் என்று எந்தக் கோயிலில் சொன்னார்கள்? நான் கூழுக்கு உப்புக் காணுமா என்று கேட்கவேண்டியது உங்களிடம்தான். இவர் சொல்வது ஒருநாளும் சரியாய் இருந்ததில்லை.

நீலப் பூ விரிப்பைக் கொண்டுவாருங்கள். சுஜாந்தினியைப் பேசாதேங்கோ, நான்தான் கேட்டேன்.

ஜனவரி பன்னிரண்டாம் திகதி பின்னேரம், அந்த வீட்டில் முதல் செபமாலை சொல்ல இருக்கப்போகிறவர்கள்: நான், இவர், சுஜாந்தினி, அவளின் பிள்ளைகள், ஓகூஸில் இருந்து வருகிற ஜெனுஷன், நீங்கள். அன்றைக்குத் திங்கள், மகிழ்ச்சியின் தேவ இரகசியங்கள். தண்ணீர் வராது.

சுவர்ப் பக்கமா, யன்னல் பக்கமா? கட்டிலை அதற்கேற்ப விரிக்கவேண்டும். கெதியாய்ப் பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
அருள்நாயகி